ரசிகர் டிரஸ்ட் நடத்துவது எப்படி: கிளப்போடு கைகுலுக்கும் முன் எழுதி வாங்க வேண்டியவை

2016-ல் ஸ்வான்சி சிட்டி கால்பந்து கிளப்பின் பெரும்பான்மைப் பங்குகள் அமெரிக்க முதலீட்டாளர்கள் கைக்கு மாறின. அப்போது அந்தக் கிளப்பின் ரசிகர் டிரஸ்டிடம், அதாவது ரசிகர்களே உறுப்பினராகி நடத்தும் சங்கத்திடம், 21.1 சதவீதப் பங்கு இருந்தது. இயக்குநர் குழுவில் ஓர் இடமும் இருந்தது. அப்படியும், விற்பனைப் பேச்சு தங்களைக் கலக்காமலே நடந்துவிட்டது என்று டிரஸ்ட் புகார் சொன்னது. வழக்கறிஞர்கள், கடிதங்கள், காலக்கெடுக்கள் என்று அந்தத் தகராறு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2022-ல் சமரசத்தில் முடிந்தது.

மேற்கு லண்டனில் பிரென்ட்ஃபோர்டின் கதை வேறு. அங்கே பீஸ் யுனைடெட் என்ற ரசிகர் டிரஸ்ட் 2006 முதல் பெரும்பான்மைப் பங்குதாரராக இருந்தது. 2012-ல் அந்தப் பங்குகளை மாத்யூ பென்ஹாம் என்ற தொழிலதிபரிடம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு சிறப்புப் பங்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. அந்த ஒற்றைப் பங்கின் சம்மதம் இல்லாமல் கிளப்பின் மைதானத்தைக் கைமாற்ற முடியாது.

எத்தனை சதவீதம் கையில் இருக்கிறது என்பதைவிட, என்ன எழுதி வாங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் டிரஸ்டைக் காப்பாற்றும். அதை எழுதி வாங்கச் சரியான நேரம், உரிமையாளருக்கு நீங்கள் தேவைப்படும் நேரம். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கோணத்தில்தான் போகும். சட்ட விவரங்கள் இங்கிலாந்து, வேல்ஸ் சார்ந்தவை. டூட்டிங்கில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் ப்ளௌ லேன் மைதானம் நடந்து போகும் தூரம். அந்தக் கிளப்பின் பெரும்பான்மை உரிமையே ஒரு ரசிகர் டிரஸ்டிடம்தான் இருக்கிறது. உறுப்பினராகிறவருக்கு அதில் ஒரு வாக்கு உண்டு.

படி 1: எதற்காக என்று முடிவெடுங்கள்

முதல் ரசிகர் டிரஸ்ட் 1992-ல் நார்த்தாம்ப்டன் டவுனில் பிறந்தது. கிளப் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. பிரையன் லோமாக்ஸும் அவரோடு சேர்ந்த ரசிகர்களும் பணம் திரட்டினார்கள். ஆனால் திரட்டியதை உண்டியலில் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. பங்கு வாங்கினார்கள், ரசிகர்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை இயக்குநர் குழுவில் உட்கார வைத்தார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் 2000-ல் சப்போர்ட்டர்ஸ் டைரக்ட் என்ற அமைப்பு எழுந்தது; நாடு முழுக்க டிரஸ்டுகள் முளைத்தன. 2018-ல் அது இன்னொரு ரசிகர் கூட்டமைப்போடு இணைந்தது. இப்போது அதன் பெயர் ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன். தொடங்க நினைப்பவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

நம் ஊரில் ரசிகர் மன்றம் என்றால் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வரும். டிரஸ்டின் வேலை அதுவல்ல. அணியைக் கொண்டாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிளப்பின் கணக்கு வழக்கைப் படிக்கத்தான் ஆள் இல்லை. ஆகவே நோக்கத்தை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்: கிளப் தன் ஊரிலேயே நிலைக்க வேண்டும், அதன் நிர்வாகத்தில் ரசிகர்களின் குரல் ஜனநாயக முறைப்படி ஒலிக்க வேண்டும். பயிற்சியாளரை மாற்று, அந்த ஸ்ட்ரைக்கரை வாங்கு என்பதெல்லாம் நோக்கத்துக்குள் வரவே கூடாது. ஆடுகளத்துக்குள் மூக்கை நுழைக்கும் டிரஸ்டை எந்த உரிமையாளரும் பொருட்படுத்த மாட்டார். மூன்று வெற்றி வந்தால் உறுப்பினர்களும் அதை மறந்துவிடுவார்கள்.

படி 2: பதிவு

பெயரில் டிரஸ்ட் என்று இருந்தாலும், இது பெரும்பாலும் சமூக நலச் சங்கமாகத்தான் பதிவாகிறது. கூட்டுறவு மற்றும் சமூக நலச் சங்கங்கள் சட்டம், 2014-ன் கீழ் நிதி நடத்தை ஆணையத்திடம் (FCA) பதிய வேண்டும். தொடங்க மூன்று பேர் போதும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்சம் ஒரு பங்கு, பொதுவாக ஒரு பவுண்டு. பத்தாயிரம் பவுண்டு போட்டவருக்கும் ஒரு பவுண்டு போட்டவருக்கும் வாக்கு ஒன்றுதான். சங்கம் கடன்பட்டால் உறுப்பினருக்குப் போவது அவர் போட்ட பங்குத்தொகை மட்டுமே. உபரி வந்தால் உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது.

துணைவிதிகளை நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டாம். ஆணையம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட மாதிரி விதிகள் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷனிடம் இருக்கின்றன. மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு இடம்தான். அதில் முக்கியமானவை இரண்டு. சொத்துப் பூட்டு: சங்கம் கலைந்தாலும் சொத்து தனியார் பைக்குப் போகாதபடி தடுக்கும் விதி இது. இதைக் கட்டாயம் சேருங்கள். அடுத்தது, கிளப் பங்குகளை விற்கும் தீர்மானத்துக்கு எத்தனை பேர் வாக்களிக்க வேண்டும், எத்தனை சதவீதம் ஆதரவு வேண்டும் என்பது. பங்கே இல்லாத நிலையில் இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் விலை பேசும் கோடீஸ்வரர் வாசலில் நிற்கும்போது எழுத உட்கார்ந்தால் அந்த விதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 3: உறுப்பினர் பட்டியல்

டிரஸ்டின் உண்மையான சொத்து இந்தப் பட்டியல்தான். அதைக் கிளப்பின் டிக்கெட் பிரிவு வைத்துக்கொள்வதாக அன்போடு சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சண்டை வரும் நாளில் உங்கள் உறுப்பினர்களுக்கு நீங்களே கடிதம் போட முடியாத நிலை வரக் கூடாது. தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக விவரம் வாங்குகிறோம் என்பதைச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும்.

சந்தா குறைவாக இருக்கட்டும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடாக இருக்கட்டும். ஆண்டுதோறும் கையால் புதுப்பிக்கச் சொன்னால், கிளப் நன்றாக ஓடும் ஆண்டில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். ஆயுள் உறுப்பினர் திட்டம் முதல் ஆண்டில் கல்லாவை நிரப்பும். ஐந்தாம் ஆண்டில் அஞ்சல் செலவுக்குக்கூட வருமானம் இருக்காது. சீசன் டிக்கெட் வாங்க வசதியில்லாதவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், பதின்வயதினர் ஆகியோரையும் சேருங்கள். மைதானத்தில் வழக்கமாக ஒரே ஸ்டாண்டில் உட்காரும் ஐம்பது நண்பர்களின் சங்கத்தைக் கிளப் எளிதாக ஓரங்கட்டும்.

படி 4: குழு

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் அப்பால் எட்டுப் பத்துப் பேர் போதும். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கினர் பதவி விலகித் தேர்தலைச் சந்திக்க வேண்டும். தொடர்ந்து எத்தனை தடவை நிற்கலாம் என்பதற்கும் வரம்பு வையுங்கள். கணக்காளர் ஒருவர், நிலம் அல்லது நிறுவனச் சட்டம் தெரிந்த ஒருவர், எழுதத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். அப்படி யாரும் தேர்தலில் நிற்கவில்லையென்றால் வாக்குரிமை இல்லாத ஆலோசகராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளப்போடு வியாபாரத் தொடர்பு உள்ளவர், உறவினர் அங்கே வேலை செய்பவர் எல்லோரும் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தொடர்புடைய பேச்சு வரும்போது அறையை விட்டு எழுந்து போக வேண்டும்.

இங்கே பெரும்பாலும் உடைவது மனிதர்கள்தான். ஒரே ஆள் செயலாளர், செய்தித் தொடர்பாளர், பேருந்து ஏற்பாட்டாளர் என்று மூன்று வேலை பார்த்தால் இரண்டு சீசனில் சலித்து விலகிவிடுவார். அவரோடு கடவுச்சொற்களும் போய்விடும்.

படி 5: பணம்

நடப்புச் செலவுக்கு ஒரு கணக்கு. கிளப்புக்காகத் திரட்டும் நிதிக்கு வேறு கணக்கு. இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகக் கூடாது. நிதியாண்டு முடிந்த ஏழு மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கிளப் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்கிறது என்று குற்றம் சாட்டும் டிரஸ்டே தாமதித்தால் வேறு வினையே வேண்டாம்.

கிளப்புக்குப் பணம் கொடுக்கலாமா? வீரர் வாங்க உதவுங்கள் என்று கிளப் கேட்கும். என் கருத்தில், கொடுக்காதீர்கள். ஜனவரியில் கொடுத்த பணம் மே மாதத்தில் தடயமின்றிப் போயிருக்கும். நன்றிக் கடிதம் மட்டும் மிஞ்சும். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் மூன்று வழிகளில் ஒன்றில் கொடுங்கள்: பங்குக்கு ஈடாக, அடமானம் உள்ள கடனாக, அல்லது கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளுக்காக. எடின்பரோவில் ஹார்ட்ஸ் கிளப் 2013-ல் திவால் நிர்வாகத்துக்குள் விழுந்தபோது ரசிகர்கள் செய்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ் என்ற அமைப்பின் மூலம் ஆயிரக்கணக்கானோர் மாதாமாதம் ஒரு தொகை செலுத்தினார்கள். தொழிலதிபர் ஆன் பட்ஜ் முன்பணம் போட்டுக் கிளப்பை மீட்டார். அவரிடமிருந்து பங்குகள் ரசிகர்களுக்கு வரும் என்பது தொடக்கத்திலேயே ஒப்பந்தமாக இருந்தது. 2021 ஆகஸ்டில் 75.1 சதவீதம் கைக்கு வந்தது. அது ஏன் முழு 75 ஆக இல்லை என்பதைப் படி 7-ல் பார்ப்போம்.

படி 6: கிளப்போடு பேச்சு

2016-17 சீசனிலிருந்து பிரீமியர் லீக், இங்கிலிஷ் ஃபுட்பால் லீக் விதிகளின்படி, கிளப் நிர்வாகம் ரசிகர் பிரதிநிதிகளை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது சந்தித்தாக வேண்டும். 2021 ஏப்ரலில் பெரிய கிளப்புகள் தமக்கென்று தனியாகத் திட்டமிட்ட ஐரோப்பிய சூப்பர் லீக் அறிவிக்கப்பட்டு, ரசிகர் கோபத்தில் சில நாட்களில் சரிந்தது. அதன் பிறகு நாடாளுமன்ற உறுப்பினர் டிரேசி கிரௌச் தலைமையில் நடந்த ஆய்வு 47 பரிந்துரைகள் தந்தது. அதன் நீட்சியாகப் பிரீமியர் லீக் கிளப்புகளில் ரசிகர் ஆலோசனைக் குழுக்கள் வந்தன. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டமும் நிறைவேறியது. மேல் ஐந்து நிலைகளில் உள்ள கிளப்புகளைக் கண்காணிக்கத் தனி ஒழுங்குமுறை ஆணையம், ரசிகர்களைக் கலந்தாலோசிக்கும் கடமை, சின்னத்தையும் சொந்த மைதானச் சட்டையின் நிறத்தையும் ரசிகர் பெரும்பான்மை இல்லாமல் மாற்றத் தடை ஆகியவை அதில் உள்ளன. 2012-ல் கார்டிஃப் சிட்டியின் நீலச் சட்டையை உரிமையாளர் சிவப்பாக்கினார். மீண்டும் நீலத்துக்கு வர 2015 ஆனது. ஹல் சிட்டியின் பெயரை ஹல் டைகர்ஸ் என்று மாற்ற நடந்த முயற்சியைக் கால்பந்து சங்கம் தடுத்தது. அந்த நினைவுகள்தான் இந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கின்றன.

ஆலோசனைக் குழு வந்துவிட்டதே, இனி டிரஸ்ட் எதற்கு என்று சில கிளப்புகள் கேட்கும். அந்தக் குழுவுக்கு நிகழ்ச்சி நிரல் போடுவதிலும் கூட்டும் நாளைக் குறிப்பதிலும் கிளப்பின் கை ஓங்கியிருக்கும். டிரஸ்டுக்கு வங்கிக் கணக்கும், பங்கு வாங்கும் உரிமையும், நீதிமன்றம் போகும் தகுதியும் உண்டு. ஆலோசனைக் குழுவில் டிரஸ்டுக்கு நிரந்தர இடம் கேளுங்கள், அதற்குள் கரைந்துவிடாதீர்கள்.

கூட்டத்துக்குப் போவதற்கு முன் வீட்டுப்பாடம் இருக்கிறது. கிளப்பின் கணக்குகள் நிறுவனப் பதிவு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸில் இலவசமாகக் கிடைக்கும். அதில் நான்கு இடத்தைப் பாருங்கள்: வருமானத்தில் சம்பளம் எவ்வளவு பங்கு, உரிமையாளரின் வேறு நிறுவனங்களோடு கொடுக்கல் வாங்கல், சொத்துகள் மேல் பதிவான அடமானங்கள், கணக்குத் தாக்கல் தாமதம். பிறகு நிலப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி மைதானத்தின் உரிமைப் பத்திரத்தை எடுங்கள். மைதானம் கிளப் பெயரில்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். உரிமையாளரின் இன்னொரு கம்பெனி பெயருக்கு எப்போதோ மாறியிருக்கலாம். மைதானமும் கிளப்பும் பிரியும் நாள்தான் அபாயத்தின் தொடக்கம். விம்பிள்டன் 1991-ல் பழைய ப்ளௌ லேனை விட்டு வாடகை மைதானத்துக்குப் போனது. 2002-ல் மூவர் குழு ஒன்று அந்தக் கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதித்தது. அதை ஏற்காத ரசிகர்கள் தொடங்கியதுதான் இன்றைய ஏ.எஃப்.சி. விம்பிள்டன். சொந்த மைதானம் இல்லாத கவன்ட்ரி சிட்டி, நார்த்தாம்ப்டனிலும் பிறகு பர்மிங்காமிலும் தன் ஆட்டங்களை ஆட வேண்டியிருந்தது.

கூட்டத்துக்கு ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேர் போங்கள். கேள்விகளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுப்புங்கள். பதில் என்ன சொன்னார்கள் என்பதை நீங்களே குறிப்பெடுத்து, ஒரு வாரத்துக்குள் கிளப்புக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கி, உறுப்பினர்களுக்கு வெளியிடுங்கள். பதில் வராத கேள்வியையும் பட்டியலில் வையுங்கள். மூன்று கூட்டமாக ஒரே கேள்வி நிலுவையில் நின்றால் அதுவே ஒரு செய்தி.

ரகசியம் என்பது பெரிய கண்ணி. தலைமை நிர்வாகி காபி கொடுத்து, "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்று தொடங்குவார். பல தடவை அது நம்பிக்கையின் அடையாளம்; சில தடவை உங்கள் வாயைக் கட்டும் வழி. கேட்பதற்கு முன்பே, எந்தத் தேதி வரை ரகசியம், குழுவில் எத்தனை பேரிடம் சொல்லலாம் என்று கேளுங்கள். தேதி சொல்லாவிட்டால், அந்த ரகசியத்தைக் காதில் வாங்காமல் இருப்பதே நல்லது. மற்றபடி அணித் தலைவரோடு படம், இயக்குநர் பெட்டியில் விருந்து, இலவச டிக்கெட் எல்லாம் வரும். வாங்கியதை எல்லாம் பதிவேட்டில் எழுதி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசித்துவிடுங்கள். வாசிக்கக் கூச்சமாக இருக்கும் ஒன்றை வாங்காதீர்கள்.

இயக்குநர் குழுவில் ஓர் இடம் கிடைத்தால்? கொண்டாடுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் உட்கார்பவர், 2006 நிறுவனங்கள் சட்டப்படி கிளப் நிறுவனத்துக்குக் கடமைப்பட்டவர், அவரைத் தேர்ந்தெடுத்த டிரஸ்டுக்கு அல்ல. அங்கே கேட்டதை எல்லாம் வந்து சொல்ல முடியாது. கிளப் திவாலை நோக்கிப் போனால் மற்ற இயக்குநர்களைப்போல் அவரும் பொறுப்பு சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே டிரஸ்ட் தலைவரையே இயக்குநராக்காதீர்கள். ஒருவரே இரண்டு நாற்காலியில் இருந்தால், கிளப்பை எதிர்க்க வேண்டிய வாரத்தில் டிரஸ்டுக்குத் தலைவர் இருக்க மாட்டார். உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும். பதவிக்காலம், எதைப் பகிரலாம், எந்தச் சூழலில் திரும்ப அழைக்கலாம் என்பதைக் கிளப்பும் டிரஸ்டும் கையெழுத்திட்ட ஒரு தாளில் எழுதட்டும்.

படி 7: எழுதி வாங்க வேண்டியவை

முதலில் சதவீதக் கணக்கு. நிறுவனத்தின் அமைப்பு விதிகளை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு 75 சதவீத வாக்கு வேண்டும். அப்படியானால் 25-க்கு மேல் ஒரு துளி வைத்திருப்பவர் எந்தச் சிறப்புத் தீர்மானத்தையும் தடுக்கலாம். ஸ்வான்சியின் 21.1 அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றது. ஹார்ட்ஸின் 75.1 எதிர்ப்புறக் கோட்டுக்கு மேலே நிற்கிறது. யார் தடுத்தாலும் விதியை மாற்ற முடியும், மற்றவர்களால் மாற்ற முடியாது. இன்னொரு எண் 90. முழு நிறுவனத்துக்கும் விலை சொன்னவர் 90 சதவீதத்தை எட்டினால் மீதிப் பங்குகளைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம். 2018-ல் ஆர்சனலின் பெரும்பங்குதாரர் ஸ்டான் குரோன்கி, அலிஷர் உஸ்மனோவின் பங்குகளை 55 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது நடந்தது அதுதான். தலைமுறையாக ஒரு பங்கைச் சட்டமிட்டு மாட்டி வைத்திருந்த குடும்பங்களும், சிறு ரசிகர்கள் கூட்டாக வாங்கிய பங்குகளும் விற்றாக வேண்டியதாயிற்று. ஐந்து, பத்து சதவீதத்துக்காகப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

சிறு பங்கு வைத்துக்கொண்டே பெரிய பாதுகாப்பு பெற ஒரே வழி சிறப்புப் பங்கு. கிளப் நிறுவனத்தின் அமைப்பு விதிகளில் தனி வகையாக ஒரு பங்கை உருவாக்கி, அதை டிரஸ்டுக்குக் கொடுத்து, இன்ன இன்ன காரியங்களுக்கு அந்தப் பங்கின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று எழுதுவது. அந்த வகையின் உரிமையை மாற்ற அதை வைத்திருப்பவரின் சம்மதமே தேவைப்படும். மைதானத்தை விற்பது, அடமானம் வைப்பது, ஊர் மாற்றுவது, பெயர், சின்னம், நிறம் ஆகியவை பட்டியலில் இருக்கட்டும். வீரர் விற்பனை, டிக்கெட் விலை வேண்டாம். அதையும் கேட்டால் எந்த உரிமையாளரும் கையெழுத்திட மாட்டார்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றும் போடலாம். ஆண்டுக்கு எத்தனை கூட்டம், எந்த விவரங்களை எத்தனை நாளில் தருவது, விற்பனைப் பேச்சு தொடங்கினால் டிரஸ்டுக்கு எப்போது சொல்வது என்பதெல்லாம் அதில் வரும். ஆனால் அதன் பலம் நல்லெண்ணம் மட்டுமே. உரிமையாளர் மாறினால் அது காகிதம். சிறப்புப் பங்கு அப்படியல்ல, கிளப் யார் கைக்குப் போனாலும் கூடவே போகும்.

செல்சி ரசிகர்களிடம் இதைவிட விசித்திரமான ஒரு பூட்டு இருக்கிறது. 1993-ல் உருவான செல்சி பிட்ச் ஓனர்ஸ் என்ற நிறுவனம் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜின் நிலத்தையும் கிளப்பின் பெயரையும் வைத்திருக்கிறது. 2011-ல் கிளப் நிலத்தைத் திரும்ப வாங்கப் பார்த்தது. 61.6 சதவீதம் ஆதரவாக வாக்களித்தார்கள், தேவைப்பட்டது 75. அந்தக் காலத்து உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச். அவ்வளவு பணமும் அந்த விதிக்கு முன் நின்றுவிட்டது.

இங்கிலாந்தில் எந்த டிரஸ்டும் இன்றே செய்யக்கூடியது, மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாக உள்ளாட்சியில் பதியச் சொல்லி மனு போடுவது. 2011-ன் லோக்கலிசம் சட்டம் அதற்கு வழி செய்கிறது. ஓல்டு டிராஃபோர்டே 2013-ல் இப்படிப் பதிவானது. உரிமையாளர் விற்க முனைந்தால், ஆறு வாரத்துக்குள் உள்ளூர் அமைப்பு வாங்க விருப்பம் தெரிவிக்கலாம். தெரிவித்தால் ஆறு மாதம் விற்பனை நிற்கும். உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு ஐந்தாண்டுக்குத்தான். புதுப்பிக்கும் தேதியைச் செயலாளரின் நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.

படி 8: சண்டை

2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் 77 பவுண்டு டிக்கெட் ஒன்றை அறிவித்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைப் பின்வாங்கினார்கள். கோரிக்கை ஒன்றுதான், எண் ஒன்றுதான், செயலுக்கும் எண்ணுக்கும் பொருத்தம் இருந்தது. உரிமையாளர் விட்டுக்கொடுக்கக்கூடிய கோரிக்கையாகவும் இருந்தது. போராட்டம் திட்டமிடும் குழு இதைப் பாடமாகப் படிக்கலாம்.

பிளாக்பூல் ரசிகர்கள் கேட்டது அதைவிடப் பெரியது: உரிமையாளரே வெளியேற வேண்டும். ரசிகர்கள் மீது அவதூறு வழக்குகள் பாய்ந்தன. இனி ஒரு பென்னிகூடத் தர மாட்டோம் என்று ஆண்டுக்கணக்கில் சொந்த மைதானத்தைப் புறக்கணித்தார்கள். கடைசியில் கதவைத் திறந்தது, சிறுபான்மைப் பங்குதாரர் ஒருவர் நீதிமன்றத்தில் வென்ற தீர்ப்பு. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் நியமித்த அதிகாரி கிளப்பைக் கையில் எடுத்தார். அடுத்த மாதம் ரசிகர்கள் திரும்பினார்கள். புறக்கணிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. அது வருமானத்தைக் குறைக்கும், செய்தியாகும். ஆனால் உரிமையை மாற்றுவது சட்டம்தான். புறக்கணிப்பைத் தொடங்கும் முன் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்துங்கள், முடிக்கும் நிபந்தனையையும் அதிலேயே எழுதுங்கள். போகிறவனுக்கும் போகாதவனுக்கும் இடையே விழும் விரிசல் ஆற நாளாகும்.

வெளியிடும் ஒவ்வொரு அறிக்கையையும் அவதூறுச் சட்டம் தெரிந்த ஒருவர் படிக்கட்டும். "பணத்தைத் திருடினார்" என்று எழுதாதீர்கள். "கணக்கில் இந்த 20 லட்சம் பவுண்டு கடன் எதற்கு என்று கேட்டோம், பதில் வரவில்லை" என்று எழுதுங்கள்.

படி 9: கிளப் விழும் நாளுக்கான கோப்பு

கிளப் நன்றாக இருக்கும்போதே இந்தக் கோப்பைத் தயாரித்து வைக்க வேண்டும். மைதானப் பத்திர நகல், கணக்குகளின் சுருக்கம், திவால் சட்டம் தெரிந்த வழக்கறிஞரின் எண், உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர், நகர மன்றத் தலைவர் தொடர்புகள். முக்கியமாக, வாக்குறுதிப் பட்டியல்: கிளப்பை வாங்க நேர்ந்தால் யார் எவ்வளவு தருவார் என்று மொய் நோட்டுபோலப் பெயரும் தொகையுமாக. 2011-ல் ரெக்ஸம் டிரஸ்ட், லீக் கேட்ட பிணைத் தொகைக்காக ஒரே நாளில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. மக்கள் வீட்டுப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்றெல்லாம் இன்றும் பேசுவார்கள். அந்த ஓட்டத்தைத் தாங்க, பணத்தை வாங்கி ரசீது போடும் ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும்.

போர்ட்ஸ்மத் இதில் பெரிய எடுத்துக்காட்டு. ரசிகர்கள் தலைக்கு ஆயிரம் பவுண்டு வீதம் பங்கு வாங்கி, 2013 ஏப்ரலில் கிளப்பைத் திவால் நிர்வாகத்திலிருந்து மீட்டார்கள். ஆயிரம் முடியாதவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து போட்டார்கள். எக்ஸெடர் சிட்டியின் டிரஸ்ட் 2003-ல் பொறுப்பேற்றபோது கிளப் லீக்கை விட்டே இறங்கியிருந்தது. 2005 ஜனவரியில் ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று நிறுத்தியதும், மறு ஆட்டமுமாக வந்த பணம் கடனை அடைக்க உதவியது. அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த நாளில் கிளப் உயிரோடு இருந்ததற்குக் காரணம் டிரஸ்ட்.

பெரி (Bury) என்ற ஊரின் கிளப் 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. பிறகு ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்: மைதானத்தை மீட்டவர்கள் ஒரு பக்கம், புதிய அணி தொடங்கியவர்கள் ஒரு பக்கம். இரண்டு சங்கமும் இணைய 2023 ஆனது.

படி 10: உரிமையாளரே நீங்களானால்

டிரஸ்ட் குழுவும் கிளப் இயக்குநர் குழுவும் வேறு வேறாக இருக்கட்டும். டிரஸ்ட் குறிக்கோளையும் பட்ஜெட் எல்லையையும் வைக்கும், இயக்குநர்களை நியமிக்கும், கணக்குக் கேட்கும். வீரர் ஒப்பந்தத்தை இயக்குநர்கள் பார்த்துக்கொள்வார்கள். பணக்கார உரிமையாளர்கள் நஷ்டத்தை நிரப்பும் டிவிஷனில் நீங்கள் வரவுக்குள் செலவு செய்யப் போகிறீர்கள். அதனால் சில சீசன் வலிக்கும் என்று உறுப்பினர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எக்ஸெடர் அகாடமியில் வளர்த்த ஒல்லி வாட்கின்ஸ் போன்றவர்களை விற்ற பணத்தில் ஓடுகிறது. அதுவும் ஒரு முறைதான்.

விற்க வேண்டிய நாள் வரலாம். விம்பிள்டனில் புதிய மைதானக் கட்டுமானத்துக்குப் பணம் போதாமல் வெளி முதலீடு பற்றிய பேச்சு எழுந்தபோது, ரசிகர்கள் கடன் பத்திரம் வெளியிட்டு 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிப் பெரும்பான்மையைக் காத்தார்கள். 2020 நவம்பரில் ப்ளௌ லேனுக்குத் திரும்பினார்கள். போர்ட்ஸ்மத் பங்குதாரர்கள் 2017-ல் மைக்கேல் ஐஸ்னரின் டோர்னான்டே நிறுவனத்துக்கு 56.7 லட்சம் பவுண்டுக்கு விற்கத் தெளிவான பெரும்பான்மையுடன் சம்மதித்தார்கள். ரெக்ஸம் உறுப்பினர்கள் 2020 நவம்பரில் நடிகர்கள் ராயன் ரெனால்ட்ஸ், ராப் மெக்கெல்ஹென்னி இருவருக்கும் 98.6 சதவீத வாக்கு கொடுத்தார்கள். மூன்றுமே சரியான முடிவுகளாக இருக்கலாம்.

இவற்றோடு நாட்ஸ் கவுண்டியையும் சேர்த்துப் படியுங்கள். 2009-ல் அந்த டிரஸ்ட் உறுப்பினர்கள் தங்கள் பெரும்பான்மைப் பங்குகளை முன்டோ ஃபைனான்ஸ் என்ற நிறுவனத்துக்கு விலையில்லாமல் விட்டுக்கொடுக்க வாக்களித்தார்கள். பின்னால் பெரும் பணம் இருக்கிறது என்றார்கள். இங்கிலாந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்வென் யோரன் எரிக்சன் கால்பந்து இயக்குநராக வந்து இறங்கினார். சில மாதங்களில் பணம் இல்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

ஆகவே வாக்குச்சீட்டு அனுப்பும் முன் உறுப்பினர் கையில் இவை இருக்க வேண்டும்: வாங்குபவரின் இறுதி உரிமையாளர் யார் என்பதற்குச் சான்று, பணம் எங்கே இருக்கிறது என்பதற்கு வங்கிக் கடிதம், முதல் மூன்று ஆண்டு முதலீட்டு வாக்குறுதி எழுத்தில், மைதானத்துக்கும் பெயருக்கும் சிறப்புப் பங்கு, வாங்கியவர் மறுபடி விற்றால் முதலில் வாங்கக் கேட்கும் உரிமை டிரஸ்டுக்கு. இதில் எதையும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாங்குபவர் தள்ளினால் வாக்கெடுப்பையும் தள்ளுங்கள். படிக்க மூன்று வாரம் கொடுங்கள். எதிர்ப்பவர்களின் அறிக்கையையும் அதே உறையில் வையுங்கள். எண்ணுவதைக் குழுவுக்கு வெளியே உள்ளவரிடம் ஒப்படையுங்கள்.

விற்ற பிறகும் சங்கத்தைக் கலைக்காதீர்கள். வந்த பணத்தில் ஒரு பகுதியை அடுத்த நெருக்கடிக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள், சந்தாவை நிறுத்தாதீர்கள், ஏழு மாதத்துக்குள் ஆண்டறிக்கையை அனுப்புங்கள். புதிய உரிமையாளருக்கு முதல் கூட்டத்துக்கான கேள்விகள் ஒரு வாரம் முன்பே எழுத்தில் போகட்டும்.